நீலக்கைப் படலம்

வாழ்க அவன் கொற்றம்! ஐந்தாம் மாடிக்கு அதிபன் (வாடகைக்குத்தான்), காப்பீட்டு அலுவலகத்தின் இழப்பீட்டுப் பிரிவில் சிவப்புப் பேனாவே செங்கோலாகப் பதினேழு ஆண்டு வீற்றிருந்தவன், கையொப்பம் விடுபட்ட விண்ணப்பங்களுக்குக் கூற்றுவன், நகல் இணைக்காதோர்க்கு நஞ்சு, தேதி தவறியோர்க்குத் தீ, முன்வழுக்கையில் வந்து விழும் வெயிலையே மணிமுடியாகச் சூடியவன், தொந்தி சிறிதும் துணிவு பெரிதும் உடையவன் — அத்தகைய பெருவீரனின் புகழைப் பாடத் துணிந்தோம். பெருவீரர்க்குப் பெரும்புலவர் வாய்ப்பது மரபு. இவனுக்கு ஒருவரும் வாய்க்கவில்லை. ஆகவே பாடப்படுபவனும் பாடுபவனும் ஒரே ஆள்தான். இருவரும் ஒரே சட்டைக்குள் குடியிருக்கிறோம். புகழ்ச்சி எங்காவது மிகையாகத் தோன்றினால் அதுவே காரணம். இகழ்ச்சி மிகையாகத் தோன்றினால், அதற்கு அவன் செய்த காரியம் காரணம்.

அவன் வாழ்ந்த நாடு ஒரு குடியிருப்புக் கட்டடம். தரைத்தளம் தொடங்கி ஐந்தாம் மாடி ஈறாக ஆறு தளங்கள். அதன் நடுமார்பில் ஏறியும் இறங்கியும் குடிகளைக் காப்பது, நால்வர் நின்றால் ஐந்தாமவர் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டிய ஒரு பழைய மின்தூக்கி. தளத்துக்கொன்றாக அதற்கு ஆறு மடக்குக் கம்பிக்கதவுகள். ஆறும் இறுக மூடியிருந்தால்தான் அந்த இரும்பு யானை அசையும். ஏதேனும் ஒரு தளத்தில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தாலும் போதும், நின்ற இடத்தில் நின்றுவிடும்; பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும், எவ்வளவு கோபமாக அழுத்தினாலும், வராது. அப்போது குடிகள் கம்பியிடுக்கில் வாயை வைத்து, "கதவை மூடுங்க" என்று அண்ணாந்து முழங்குவார்கள். அதுவே அந்நாட்டின் போர்முரசு.

மூன்று மாதமாக அம்முரசு நாள்தோறும் ஒலித்தது. எவனோ ஒரு பாதகன் மூடாமலே போகிறான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவன் யார் என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. மற்றவர்களுக்கு அது ஓர் எரிச்சல், அவ்வளவே. ஐந்தாம் மாடிக்கோ அது உயிர்ப் பிரச்சினை. ஏனெனில் நம் வீரனின் அக்கா, ரொட்டித் தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டு நின்றே வேலை பார்த்து முழங்கால் இரண்டையும் அங்கேயே கரைத்துவிட்டு, வலது காலில் அறுவை முடிந்து தம்பி வீட்டில் தங்கியிருந்தாள். வாரம் மூன்று நாள் காலுக்குப் பயிற்சி கொடுக்குமிடம் போய் வருவாள். போகும்போது பெரும்பாலும் மின்தூக்கி இருக்கும். திரும்பும்போது இராது. காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியில், ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, யாராவது எங்காவது ஒரு கதவை மூடும்வரை அமர்ந்திருப்பாள்.

இனி இந்நாட்டின் சட்டம் யாரென்று சொல்வோம். அது வீரனின் மனைவியே. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். சுற்றறிக்கை அவள் வாள், புகார்ப் புத்தகம் அவள் கேடயம், தீர்மானம் அவள் தேர். மின்தூக்கியைப் பராமரிக்கும் நிறுவனத்துக்கு மூன்று கடிதம் எழுதி, மூன்றின் நகலையும் கோப்பில் போட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள். அவள் காத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து அவன் கொதித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தொலைக்காட்சியில் முகமூடி அணிந்த ஒருவன் திருடனைத் துரத்தி ஒரு வங்கியின் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே பறந்தபோது, கொதிப்பு வெளியே வழிந்தது. இவனைப் போல ஒருவன் வேண்டும் இந்தக் கட்டடத்துக்கு என்றான் நம் வீரன். அனுமதி கேட்டு வரிசையில் நின்றால், டோக்கன் கிடைப்பதற்குள் ஊர் எரிந்து சாம்பலாகிவிடும். நல்லவன் கையில் வலிமை இருந்தால் அவனுக்கு எதற்கு முத்திரை, எதற்குக் கையொப்பம் என்று கேட்டான். கையொப்பம் இல்லையென்று அன்றுவரை நாலாயிரம் பேரைத் திருப்பி அனுப்பியவன் கேட்ட கேள்வி இது.

செயலாளர் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரையைப் பார்த்தபடியே, "அந்தச் சுவரை யாரு கட்டித் தருவா?" என்றாள். பிறகு ஒரு தலையணை உறையை உதறிவிட்டுச் சொன்னாள்: "தப்பான ஆளை அடிச்சிட்டா இவன்மேல எங்க போய்ப் புகார் குடுக்கறது? முகமூடிக்கு அட்ரஸ் இருக்கா?"

தப்பான ஆளை அடிக்கவே மாட்டான், அதனால்தான் அவன் வீரன் என்று பதில் வந்தது. இருவரும் மாலைவரை வாதாடினார்கள். காலைத் தலையணைமேல் நீட்டியிருந்த அக்கா, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னதைத் தவிர எந்தப் பக்கமும் சேரவில்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை நண்பகலில் விதி விளையாடியது. அன்று அவன் அக்காவை அழைத்து வரப் போயிருந்தான். மின்தூக்கி எங்கோ நின்றிருந்தது. முக்கால் மணி நேரம் முழங்கிப் பார்த்தார்கள். பிறகு அக்காவே, மெதுவாகப் படியேறிவிடலாம் என்றாள். ஒவ்வொரு படிக்கும் முதலில் நல்ல கால், பிறகு கோல், பிறகு தைத்த கால். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள். நாற்பது கிலோ மாவு மூட்டையைத் தனியாளாகப் புரட்டியவள் அவள். அவன் பள்ளிக்கூடத்தில் அடிவாங்கி வந்த நாளில், அடித்தவன் வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தவள். அவள் இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீ மேல போடா. நான் இப்படியே கொஞ்ச நேரம் இருந்துக்கறேன்" என்றாள். அவள் குரலில் அழுகை இருந்தது. அவன் அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தான். 

அந்தப் படியில் பிறந்தது வஞ்சினம். "இக்கதவினைத் திறந்துவைத்துச் செல்லும் தீயவனை எழுநாளில் கண்டு, அவன் கரத்தைக் குடிகள் முன் உயர்த்திக் காட்டேனாயின், நான் இழப்பீட்டுப் பிரிவின் இளநிலைக் கண்காணிப்பாளன் அல்லன்" என்று அவன் நெஞ்சுக்குள் முழங்கினான். சட்டத்திடம் இதைச் சொல்லவில்லை. சட்டம் அப்போது நான்காம் கடிதத்துக்கு உறை தேடிக்கொண்டிருந்தது.

மறைந்து போரிடுவோனுக்கு ஒரு மாற்றுப்பெயர் வேண்டுமென்று அவன் அறிவான். இரண்டு நாள் யோசித்தான். தோன்றிய நான்கு பெயரும் பூச்சிமருந்துப் பெயர் போலிருந்ததால் கைவிட்டான். போர்க்கோலத்துக்கு மழைக்கோட்டு, முகம் மறைக்கத் தலைக்கவசம், கைக்குப் பாத்திரம் கழுவும் மஞ்சள் உறை. படைக்கலமோ உலகம் கேட்டிராதது: அலுவலக அலமாரியிலிருந்து, பதிவேட்டில் எழுதாமல், இரண்டு புட்டி முத்திரை மை எடுத்தான். நீல நிறம். தோலில் பட்டால் மூன்று நாளைக்குச் சோப்புக்கு அசையாது. ஆறு கதவின் கைப்பிடியிலும், மூடும்போது விரல்கள் போய்ப் பற்றும் உட்புறமாக, வெளியே தெரியாமல் பூசிவிட வேண்டும். கதவைத் தொட்டவன் கை நீலமாகும். நீலக்கையன் எவனோ அவனே பகைவன். இத்திட்டத்தை மூன்று முறை மனத்துக்குள் சரிபார்த்தான். மூன்று முறையும் மிக அழகாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை. அலுவலகத்துக்கு விடுப்பு. காலை ஆறரைக்கு, கட்டடம் பல் துலக்கிக்கொண்டிருந்த வேளையில், பூக்களினூடே வண்டு திரிவது போலத் தளந்தோறும் திரிந்து ஆறு கைப்பிடிக்கும் மை தீட்டி முடித்தான். கையுறையைக் குப்பைக்கூடைக்குள் புதைத்தான். பிறகு ஒன்றும் அறியாதவன் போல உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டினான். ஏழு மணிமுதல் குடிகள் ஏறினர், இறங்கினர். ஒன்பது மணிக்கு அக்காவைச் செயலாளர் கீழே அழைத்துப்போய் வண்டியேற்றிவிட்டுத் தன் வேலைக்குச் சென்றாள். அன்று அக்காவுக்கு வெறும் பயிற்சி மட்டுமல்ல. இனி கோல் வேண்டுமா, வேண்டாமா என்று மருத்துவர் சொல்லப்போகும் நாள்.

பத்தேகாலுக்கு நம் வீரன் களநிலை அறியப் படிவழியே தரைத்தளம் இறங்கினான். காவலாளியின் வலக்கையில் நீலம் கண்டான். முதற் சந்தேகம் அவர்மேல் விழுந்தது, குறித்துக்கொண்டான். திரும்பி மேலே போக மின்தூக்கிக்குள் நுழைந்தவன், தன் மையில் தானே விழலாகாதல்லவா, கதவை மூடிவிடும்படி காவலாளிக்குக் கண்ணால் ஆணையிட்டான். கதவு மூடியது. தேர் ஏறியது. ஐந்தாம் மாடியில் முழங்கையால் கதவைத் தள்ளி இறங்கினான். அங்கே மூடுவதற்கு ஆள் இல்லை. காலால் தள்ளிப் பார்த்தான். கதவு பாதிவரை வந்து நின்றது. வீட்டுக்குள் போய் ஒரு பழந்துணி எடுத்து வந்து மூடிவிடலாம் என்று எண்ணினான். உள்ளே போனதும் கண்ணாடிக்கு முன் மழைக்கோட்டைப் போட்டுப் பார்த்தான். தலைக்கவசத்தையும் வைத்துப் பார்த்தான். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். துணி மறந்துபோயிற்று.

அக்கோலத்தோடு படியிறங்கி, மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் இடையேயுள்ள திருப்பத்தில், புதர் மறைந்த புலி போலப் பதுங்கினான். வெயில் நாளில் மழைக்கோட்டுக்குள் பதுங்கும் புலி எவ்வளவு வியர்க்கும் என்பதைப் பாடப் புலவனுக்குச் சொல் இல்லை, அனுபவம் இருக்கிறது.

பதினொன்று அடித்தது. கீழிருந்து எழுந்தது முரசு: "கதவை மூடுங்க." ஒருமுறை, இருமுறை, பலர் குரலில். அவன் உள்ளம் துள்ளியது. வந்துவிட்டான் பாதகன், இன்றும் கைவரிசையைக் காட்டிவிட்டான் என்று பூரித்தான். தடதடவென இறங்கித் தரைத்தளத்துக்கு முந்தைய படிவரை போய், மேலேறியபடி ஒவ்வொரு கதவாகக் கம்பியை அசைத்துச் சோதித்தான். முதல் மாடி மூடியிருந்தது. இரண்டு மூடியிருந்தது. மூன்றும் நான்கும் அவ்வாறே. ஐந்தாம் மாடிக்கு அவன் போகவில்லை. அது தன் மாடி. அங்கே குற்றம் நிகழாது.

அப்போதுதான் படியில் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார் மூன்றாம் மாடிப் பல் வைத்தியர். கைப்பிடிச் சுவர்மேல் அவர் உள்ளங்கை. அதில் நீலம், மணிக்கட்டுவரை நீலம். மேகத்தைக் கிழித்த இடிபோல அவர்முன் குதித்தான் வீரன். "நில்லும்! ஆறு வாயிலுக்கும் அறம் பிழைத்தவரே, அந்தக் கரத்தை உயர்த்தும்!" என்று தலைக்கவசத்துக்குள்ளிருந்து அவன் முழங்கியது, வெளியே வரும்போது குடத்துக்குள் யாரோ இருமியது போலிருந்தது. வைத்தியர் திருடன் என்றே எண்ணினார். இரு கையையும் உயர்த்தினார், பையையும் நீட்டினார், வீட்டில் ஒன்றுமில்லை என்று நடுங்கிச் சொன்னார். பையை வாங்க மறுத்துக் கையைப் பிடிக்க முனைந்தான் வீரன். கோட்டின் வால் கம்பியில் மாட்டியது. கவசத்தின் கண்ணாடியில் ஆவி படர்ந்து உலகமே வெளுத்தது. அடுத்த கணம் இருவரும் ஒரே படியில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள், வைத்தியரின் மூக்குக்கண்ணாடி நான்கு படி கீழே கிடந்தது, ஒரு கண் உடைந்து.

வைத்தியர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "அஞ்சாம் மாடி சார்தானே?" என்றார்.

இப்படி மேலே பெரும்போர் நடக்க, கீழே காவலாளியின் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கோல் வேண்டாமென்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதை வீட்டுக்குள் கோலில்லாமல் நடந்து வந்து சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்திருந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. காலையில் மாத்திரை சாப்பிட்டு நிறையத் தண்ணீர் குடித்திருந்தாள். வெளியே சொல்ல முடியாத அவசரம். முகம் வெளிறிப்போய், யாரோடும் பேசாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிலை புரிந்து, முதல் மாடி வயலின் ஆசிரியை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஐந்து மாடியும் ஏறிப் போனாள். ஐந்தாம் மாடியில் பாதி திறந்து கிடந்த கதவை இழுத்து மூடினாள். மின்தூக்கி கீழே வந்தது.

மாலை ஆறு மணிக்கு வண்டிகள் நிறுத்துமிடத்தில் அவசரக் கூட்டம். செயலாளர் புகார்ப் புத்தகத்தைத் திறந்து, பொருள் இரண்டு என்றாள்: கைப்பிடியில் மை, படிக்கட்டில் தாக்குதல். நம் வீரன் மழைக்கோட்டைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றான். எல்லாம் செய்தவன் தானே என்று அஞ்சாமல் ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டதோடு நில்லாமல், சபையோரைப் பார்த்துக் கைகளை உயர்த்தச் சொன்னான்; யார் கை நீலமோ அவர்களில் ஒருவரே பகைவர் என்று முழங்கினான்.

கைகள் உயர்ந்தன. காவலாளி கை நீலம். வைத்தியர் கை நீலம். ஆசிரியையின் வில் பிடிக்கும் கை நீலம். இரண்டாம் மாடியார் நால்வரும் நீலம். அக்காவின் கை நீலம். செயலாளரின் கையும், புத்தகத்தின் ஓரமும் நீலம். நீல ஆம்பல் பூத்த குளம் போலிருந்தது சபை.

செயலாளர் எல்லாக் கைகளையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல் கேட்டாள்: "மை பூசினது மூடற பக்கம்தானே? அப்போ மூடினவங்க கைதானே நீலமாகும்?"

புகார்ப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூடாதவங்க கை வெள்ளையா இருக்கும். யாரு கை வெள்ளையா இருக்கு?"

அவன் தன் கையைப் பார்த்தான். முத்துப்போல் வெண்மையாக, ரேகை ஒவ்வொன்றும் தெளிவாக, குற்றமே செய்யாத குழந்தையின் கைபோல அது அவனைத் திரும்பிப் பார்த்தது. ஐந்தாம் மாடிக் கதவுதான் திறந்து கிடந்தது என்று ஆசிரியை அப்போது தயங்கித் தயங்கிச் சொன்னாள். துணி எடுக்க உள்ளே போனது அவனுக்கு நினைவு வந்தது.  அக்கா எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று கேட்டான். ஒரு மணி நேரம் என்றார் காவலாளி. எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாததிலிருந்தே அவனுக்குத் தெரிந்தது. உயர்த்திய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

தீர்ப்பு யார் சொல்வது என்பதில் ஒரு சிக்கல் எழுந்தது. கணவனுக்கு மனைவி தீர்ப்புச் சொல்லலாகாது என்று செயலாளர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள். அடிபட்டவரும் சொல்லலாகாது என்று வைத்தியரும் விலகினார். கடைசியில் வயலின் ஆசிரியை அமர்த்தப்பட்டாள். வைத்தியருக்குப் புதுக் கண்ணாடி, ஆறு கதவையும் மை போகத் துடைப்பது, சபைமுன் மன்னிப்பு என்று அவள் மூன்றே வரியில் முடித்தாள். அவன் அன்றிரவே மன்னிப்புக் கடிதமும் எழுதினான். கையொப்பமிட மறந்துவிட்டான், செயலாளர் திருப்பி அனுப்பினாள்.

மறுநாள் சனிக்கிழமை முற்பகல், மண்ணெண்ணெய்த் துணியோடு அவன் இரண்டாம் மாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தோளில் கருவிப் பையோடு மெக்கானிக் வந்து சேர்ந்தார். கடிதம் கிடைத்ததாம். எந்தக் கடிதம் என்று கேட்டால், மூன்றாவது என்றார். கதவை அவர் ஒருமுறை இழுத்து மூடி, கையை எடுத்துவிட்டு, பேசாமல் நின்றார். அவனும் நின்றான். யாரும் தொடாமலே, பாம்பு பொந்திலிருந்து தலை நீட்டுவது போல, கதவு ஒரு விரற்கடை நழுவித் திறந்துகொண்டது.

"யாரும் தொறந்து விடல சார். கொக்கி தேஞ்சுபோச்சு. தானா நழுவுது."

வீரன் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்று மாதமாக அவன் மனத்தில் மீசை வைத்து, சிரிப்பு வைத்து, நடை வைத்து வளர்த்த பகைவன் அந்தக் கணத்தில் மாண்டான். பகைவனுக்காக வீரன் துக்கப்படுவது மரபில் இல்லாததல்ல. ஆனால் பிறக்கவே பிறக்காத பகைவனுக்குத் துக்கப்பட்டவன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

செயலாளர் வந்து கொக்கியைப் பார்த்தாள். வென்றவளின் ஒளி அவள் முகத்தில் இல்லை. முதல் இரண்டு கடிதமும் நிறுவனத்தின் பழைய முகவரிக்குப் போனதை அவள் நேற்றுதான் கோப்பில் கண்டுபிடித்திருந்தாள். சரியான முகவரியில் எழுதியிருந்தால் அக்கா அந்தத் திருப்பத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதே இல்லை என்று தானாகவே சொன்னாள். சொல்லிவிட்டு, துணியின் மறுமுனையை வாங்கிக் கைப்பிடியின் கீழ்ப்பகுதியைத் துடைக்கத் தொடங்கினாள். சட்டமும் வீரமும் சேர்ந்து இரண்டு மாடி துடைத்தன.

அக்கா அதுவரை அவனிடம் ஒன்றும் பேசியிருக்கவில்லை. மதியம் அவன் அவள் அறை வாசலில் போய் நின்றான். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்கை நீலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்துவிடு என்ற சொல்லை அவன் பாதி சொன்னதும், போதும் என்று கையமர்த்தினாள்.

"அடுத்த தடவை என்னைக் காப்பாத்தறதுக்கு முன்னாடி, என்கிட்ட ஒரு வார்த்தை கேளு," என்றாள். "நேத்து எனக்கு வேண்டியிருந்தது கீழே ஒரு பாத்ரூம். அதைக் காவலாளிகிட்ட கேட்டிருந்தா, அவர் ரூம்லயே இருக்குன்னு சொல்லியிருப்பார். எனக்கும் கேக்கத் தோணல."

பிறகு எழுந்தாள். கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, அறையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து வாசலுக்கு, ஒரு கையால்கூட எதையும் பற்றாமல் நடந்து காட்டினாள். அவனும் செயலாளரும் கதவோரம் நின்று பார்த்தார்கள். யாரும் கைதட்டவில்லை, தட்டினால் விழுந்துவிடுவாளோ என்று இருவருக்கும் பயம்.

அன்று மாலை நான்கு மணிக்கு மெக்கானிக் கடைசித் திருகை முறுக்கினார். ஆறு தளத்துக் குடிகளும் தத்தம் வாயிலில் நீலக்கையராய் நிற்க, புதுக்கொக்கிகள் பொன்போல் மின்ன, ஆறு கதவும் ஒரே குரலில் 'டக்' என்று பூட்டிக்கொள்ள, அக்கா நடுவில் நிமிர்ந்து நிற்க, வலப்புறம் சட்டமும் இடப்புறம் வீரமும் காவல் புரிய, எண்ணெயிட்ட சங்கிலிகள் இன்னிசை எழுப்ப, ஞாயிறு ஊரும் தேரென, நிலவு ஏறும் வானென, அலைமேல் எழும் பெருங்கலமென, எங்கும் நில்லாமல், எவரும் முழங்காமல், தரைநீங்கி மேலெழுந்தது அந்த மின்தூக்கி, ஊழிதோறும் இவ்வாறே எழுந்திருக்கும் என்று கண்டோரெல்லாம் கருதும்படி.

மறுநாள் காலையில் கரண்ட் இல்லை.